மெஷின் சொன்ன பெயரை எவ்வளவு நம்பலாம்?

ரத்தக் கல்ச்சர் பாட்டிலில் கிருமி வளர்ந்து பாசிட்டிவ் ஆகி, சாயம் ஏற்றிப் பார்க்கும் கிராம் ஸ்டெயினில் ஈஸ்ட் (ஒற்றைச் செல் பூஞ்சை) தெரிந்துவிட்டால் வார்டுக்கு உடனே போன் போட்டாக வேண்டும். சளியில் ஈஸ்ட் வந்தால் பெரும்பாலும் கண்டுகொள்ளத் தேவையில்லை. வாயிலும் தொண்டையிலும் அது சும்மா குடியிருக்கும். சிறுநீரில் வந்தால், டியூப் போட்டிருக்கிறார்களா, காய்ச்சல் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு முடிவு செய்யலாம். ரத்தத்தில் வந்துவிட்டால் அந்தச் சலுகை கிடையாது. ஊசி குத்தும்போது தோலிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று தள்ளிவிட முடியாது.

போனை எடுக்கும் பி.ஜி. டாக்டர் அடுத்துக் கேட்பது எப்போதும் இதுதான்: “என்ன கேண்டிடா மேடம்? ஃப்ளூகோனசோல் ஆரம்பிச்சிடட்டுமா?”

கேண்டிடா என்பது நோய் தரும் ஈஸ்ட்களில் பெரிய கூட்டம், ஃப்ளூகோனசோல் பூஞ்சை மருந்து. நியாயமான கேள்விதான். ஆனால் பதில் சொல்ல எங்களுக்கு இன்னும் ஒன்றிரண்டு நாள் வேண்டும். அந்த நாட்களில் லேபில் என்ன நடக்கிறது, கடைசியில் ரிப்போர்ட்டில் அச்சாகும் பெயரை எந்த அளவுக்கு நம்பலாம் என்று எழுத வேண்டுமென ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

முதலில், பெயர் ஏன் வேண்டும்? பாக்டீரியா என்றால் மருந்து பத்து இருபது இருக்கும். பூஞ்சைக்கு எங்களிடம் இருப்பது மூன்று நான்கு மருந்துக் குடும்பங்கள்தான். ஃப்ளூகோனசோல் விலை குறைவு, மாத்திரையாகவும் கிடைக்கும். கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்றால் பெரும்பாலும் அதற்கு அடங்கும். கேண்டிடா க்ருசியை பிறவியிலேயே அதற்கு அடங்காது. கிளாப்ரேட்டாவுக்கு டோஸை ஏற்றிப் பார்க்க வேண்டும், அதுவும் நிச்சயமில்லை. காஸ்போஃபஞ்சின், மைக்காஃபஞ்சின் வகையறா கேண்டிடாவில் பெரும்பாலானவற்றை அடக்கும். ஆனால் கிரிப்டோகாக்கஸ், ட்ரைக்கோஸ்போரான், ரோடோடோருலா என்ற வேறு ஈஸ்ட்கள் மூன்றிடமும் அவை பலிக்காது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இவை எல்லாமே மொட்டு விடும் முட்டை வடிவச் செல்கள்தான். நான் போனில் “ஈஸ்ட்” என்று மட்டும் சொல்லும்போது டாக்டருக்குக் கிடைப்பது பாதித் தகவல்.

ஈஸ்ட்டைக் கண்ணால் பிடிப்பது கஷ்டமில்லை. கிராம் ஸ்டெயினில் கருநீலமாக, பக்கத்திலிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் (சுருக்கமாக ஸ்டெஃப்) பாக்டீரியாவைவிட நாலைந்து மடங்கு பெரிதாக நிற்கும். மொட்டும், சில சமயம் சங்கிலியாக நீண்ட பொய் இழைகளும் தெரியும். பிளட் அகாரில் (ரத்தம் சேர்த்த வளர்ப்புக் கூழ்) வளர்ந்த காலனியை, அதாவது கிருமித் திட்டைப் பார்த்துத்தான் புதியவர்கள் ஏமாறுவார்கள். வெள்ளையாக, வழவழப்பாக, அசல் ஸ்டெஃப் காலனி மாதிரியே இருக்கும். ஆல்பிகன்ஸ் காலனியின் விளிம்பிலிருந்து சின்னச் சின்னக் கால்கள் நீண்டிருக்கும். சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும். சேரும் மாணவர்களிடம் நான் சொல்வது: வெள்ளைக் காலனி எதுவானாலும் ஒரு ஸ்மியர் போட்டுப் பார்த்துவிடுங்கள், ஸ்டெயினுக்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை.

அப்புறம் ஜெர்ம் டியூப். 1956-ல் ரெனால்ட்ஸும் பிரௌடியும் ரத்தத்தில் ஆல்பிகன்ஸ் இழை விடுவதைக் கவனித்ததிலிருந்து வந்த சோதனை. அரை மில்லி மனித சீரத்தில் (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீர்) காலனியின் ஒரு துளியைக் கலந்து 37 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைக்க வேண்டும். ஆல்பிகன்ஸ் என்றால் தாய்ச் செல்லிலிருந்து ஒரு குழாய் முளைத்திருக்கும். குழாய் தொடங்கும் இடத்தில் இறுக்கம் இருக்கக் கூடாது என்பதுதான் இதில் சூட்சுமம். மூன்று மணி நேரத்துக்கு மேல் மறந்து வைத்துவிட்டால் டிராபிகாலிஸ் என்ற இன்னொரு கேண்டிடாவும் எதையாவது நீட்டும். அதன் அடியில் இறுக்கம் இருக்கும். சீரத்தில் ஈஸ்ட்டை அள்ளிப் போட்டுக் கலங்கடித்தால் ஆல்பிகன்ஸ்கூட முளைக்காது. புத்தகத்தில் ஒரு வரியில் முடிகிற இந்த விஷயத்தில்தான் பாதித் தவறு நடக்கும். காலனியை லூப்பால் லேசாகத் தொட்டு எடுத்தாலே போதும், கிள்ளி எடுக்க வேண்டியதில்லை.

எல்லாம் சரியாகச் செய்தாலும் ஜெர்ம் டியூப் பாசிட்டிவ் என்றால் ஆல்பிகன்ஸ்தான் என்று முடித்துவிட முடியாது. 1995-ல் அயர்லாந்தின் டப்ளினில், எச்.ஐ.வி. நோயாளிகளின் வாயிலிருந்து எடுத்த ஆல்பிகன்ஸ் என்று நினைத்தவற்றில் தனி இனம் ஒன்றைப் பிரித்துக் காட்டினார்கள். கேண்டிடா டப்ளினியென்சிஸ். அதுவும் சீரத்தில் குழாய் விடும். 45 டிகிரியில் வைத்தால் ஆல்பிகன்ஸ் வளரும், இது வளராது. அதற்கு முன் உலகெங்கும் எத்தனை லேபில் இதை ஆல்பிகன்ஸ் என்று எழுதியிருப்பார்களோ! நல்லவேளையாக இரண்டுக்கும் சிகிச்சை பெரும்பாலும் ஒன்றுதான்.

எனக்குப் பிடித்த சோதனை மக்காச்சோள மாவு அகார். ட்வீன் 80 கலந்த அந்த பிளேட்டில் ஈஸ்ட்டைக் கோடு கோடாகக் கீறி, மேலே கவர்ஸ்லிப் வைத்து மூடிவிட வேண்டும். சத்தும் குறைவு, காற்றும் குறைவு என்ற நிலையில் ஈஸ்ட் தன் சுயரூபத்தைக் காட்டும். ஆல்பிகன்ஸ் இழையின் நுனியில் தடித்த சுவருடைய உருண்டை வித்துகளை வைக்கும். டிராபிகாலிஸில் நீண்ட பொய் இழைகளும் அவற்றை ஒட்டி ஒன்றும் இரண்டுமாக மொட்டுகளும் இருக்கும். க்ருசியையின் நீளச் செல்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். கிளாப்ரேட்டா இழையே விடாது, பொடிப் பொடிச் செல்லாகவே நிற்கும். ட்ரைக்கோஸ்போரானில் இழைகள் செவ்வகத் துண்டுகளாக உடையும். அதைப் பார்த்தவுடன் வார்டுக்கு மறுபடி போன் போட்டு, கொடுத்துக்கொண்டிருக்கும் மருந்தை யோசிக்கச் சொல்ல வேண்டும்.

இதில் எங்கள் ஊருக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. பழைய கையேடுகள் இந்த பிளேட்டை ‘அறை வெப்பநிலையில்’ வைக்கச் சொல்லும். எழுதியவர்களின் அறை 22, 25 டிகிரி இருந்திருக்கும். மே மாதத்தில் எங்கள் அறை வெப்பநிலை என்னவென்று தமிழ்நாட்டில் யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சூட்டில் ஆல்பிகன்ஸ் தடித்த வித்து வைப்பதே அபூர்வம். பிளேட்டைக் குளிரவும் வைக்கக்கூடிய பி.ஓ.டி. இன்குபேட்டரில் 25-ல் வைத்து இரண்டு மூன்று நாள் காத்திருந்தால்தான் உண்டு. காத்திருக்க ஐ.சி.யூ.வுக்கு நேரம் இல்லை என்பதும் உண்மை.

அதனால்தான் நிற அகார் வந்தபோது எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். குரோம் அகார் கேண்டிடா என்ற அந்த அகார் பற்றிய ஆய்வு 1994-ல் வெளிவந்தது. 37 டிகிரியில் 48 மணி நேரம் வைத்தால் ஆல்பிகன்ஸ் பச்சை, டிராபிகாலிஸ் உலோக நீலம், க்ருசியை சொரசொரப்பான வெளிர் இளஞ்சிவப்பு. என்னைக் கேட்டால் இதன் முதல் பயன் பெயர் சொல்வது அல்ல, கலப்பைக் காட்டுவது. பூஞ்சைக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் சபோரோ அகாரில் ஒரே வெள்ளையாகத் தெரிந்த வளர்ச்சியில் பச்சையும் நீலமும் தனித்தனியாக எழும்போது, இரண்டு இனங்கள் சேர்ந்திருந்தது தெரியும். அதைப் பிரிக்காமல் மெஷினில் வைத்தால் வரும் விடைக்கு அர்த்தமே இல்லை. ஆனால் இளஞ்சிவப்பு, வெள்ளை, ஊதா என்று வரும் கூட்டம் பெரியது. கிளாப்ரேட்டா, பாராப்சிலோசிஸ், இன்னும் பல இனங்கள் அந்தச் சாயல்களில்தான் நிற்கும். நிறத்தை மட்டும் வைத்து அங்கே பெயர் எழுதக் கூடாது.

அந்தக் கூட்டத்தில்தான் கேண்டிடா ஆரிஸும் ஒளிந்திருந்தது.

2009-ல் டோக்கியோவில் 70 வயதுப் பெண் ஒருவரின் காதுக் கசிவிலிருந்து எடுத்த ஈஸ்ட்டைப் புது இனம் என்று ஜப்பானியர்கள் விவரித்தார்கள். காதில் இருந்தது, பெரிய ஆபத்தில்லை. இரண்டு வருடம் கழித்து, 2011-ல், தென்கொரியாவிலிருந்து ரத்தத் தொற்றுகள் பற்றிய அறிக்கை வந்தது. பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது 1996-ஆம் ஆண்டின் ஒரு ரத்த மாதிரியிலேயே ஆரிஸ் இருந்தது. கிருமிக்குத் தானாகப் பெயர் சொல்லும் வைடெக் மெஷின் அந்த நோயாளிகளின் ஈஸ்ட்டுக்குக் கேண்டிடா ஹீமுலோனியை என்று பெயர் சொல்லியிருந்தது. ஏ.பி.ஐ. 20சி என்ற சோதனைப் பட்டை ரோடோடோருலா குளுட்டினிஸ் என்றது.

ஏன் இப்படி? இந்த முறைகள் எல்லாம் அடிப்படையில் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: இந்த ஈஸ்ட் எந்தெந்தச் சர்க்கரையைச் சாப்பிடும்? ஏ.பி.ஐ. பட்டையில் சின்னச் சின்னக் குழிகள் 20. ஒன்று ஒப்பிட, மற்ற 19-லும் ஒவ்வொரு உணவு. எது கலங்குகிறது, எது தெளிவாகவே இருக்கிறது என்று 48, 72 மணி நேரத்தில் பார்த்து ஏழு இலக்க எண் ஒன்றை உருவாக்கி, பட்டியலில் தேடுவார்கள். வைடெக்கின் ஈஸ்ட் கார்டு இதையே 40-க்கும் மேற்பட்ட சோதனைகளாக, ஒரே நாளுக்குள் தானாகச் செய்துவிடும். இரண்டிலும் விடை வருவது பட்டியலிலிருந்து. பட்டியலில் ஆரிஸ் இல்லை. ஊரில் இல்லாத ஆளைத் தேடி வந்தவருக்கு, அதே சாயலில் இருக்கும் இன்னொருவர் வீட்டைக் காட்டிவிடுகிற மாதிரி, மெஷின் பக்கத்தில் இருந்த பெயரைக் கொடுத்துவிட்டது. அதையும் நல்ல சதவீதத்தோடு கொடுக்கும்போது யாருக்குச் சந்தேகம் வரும்?

இந்தியக் கதை இன்னும் அழுத்தமானது. 2013-ல் டெல்லியின் வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்திலிருந்து அனுராதா சௌத்ரி குழுவினர் அங்குள்ள இரண்டு மருத்துவமனைகளில் ஆரிஸ் பரவியிருந்ததை எழுதினார்கள். 2015-ல் அதே குழு இன்னொன்று செய்தது. வைடெக் மெஷின் ஹீமுலோனியை அல்லது ஃபமேட்டா (இன்னொரு கேண்டிடா) என்று பெயரிட்டிருந்த 102 ஈஸ்ட்களை எடுத்து, மரபணு வரிசையைப் படித்துப் பார்த்தார்கள். 90 ஆரிஸ்! கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது தப்பு. நாடு முழுக்க 27 ஐ.சி.யூ.க்களில் 2011-12-ல் சேகரித்த ரத்த ஈஸ்ட்களைச் சண்டிகரின் பி.ஜி.ஐ. மருத்துவ நிறுவனம் ஆராய்ந்தபோது, 19 ஐ.சி.யூ.க்களில் ஆரிஸ் இருந்தது, மொத்தத்தில் 5.3 சதவீதம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சி.டி.சி. 2016 ஜூனில் எச்சரிக்கை விடுவதற்கு முன்பே இங்கே அது ஊன்றிவிட்டிருந்தது, வேறு பெயர்களில்.

பெயர் தப்பினால் என்ன நஷ்டம்? ரோடோடோருலா என்று வந்த விடையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு எக்கைனோகேண்டின் வகை (முன்பு சொன்ன காஸ்போஃபஞ்சின், மைக்காஃபஞ்சின்) பலிக்காது என்று எந்த டாக்டருக்கும் தெரியும், எனவே அதைத் தொடமாட்டார். உள்ளே இருப்பது ஆரிஸ் என்றால் பெரும்பாலும் பலிக்கக்கூடிய மருந்தே அதுதான். ஃப்ளூகோனசோல் அனேகமாகக் கேட்காது, ஆம்போடெரிசின் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தும் சந்தேகம். போதாக்குறைக்கு, மற்ற கேண்டிடா மாதிரி இது நோயாளியின் குடலோடு நிற்பதில்லை. தோலில் தங்கி, கட்டில் கம்பி, பி.பி. கஃப் என்று ஏறி, அடுத்த படுக்கைக்குப் போகும். வழக்கமான தரை துடைக்கும் மருந்துகள் பலவற்றுக்கு மசியாது, குளோரின் வேண்டும். ஹீமுலோனியை என்று ரிப்போர்ட் போனால் இந்த ஏற்பாடு எதுவும் நடக்காது.

நான் சொல்ல வருவது மெஷினைத் தூக்கிப் போடச் சொல்வது அல்ல. எங்களிடமும் மெஷின் இருக்கிறது, அது இல்லாமல் ஒரு நாள் ஓடாது. ஆனால் அந்தத் தப்பான விடைகள் ஒவ்வொன்றையும் சாதாரண பிளேட்டே மறுத்திருக்கும். ரோடோடோருலா என்றால் காலனி பவளச் சிவப்பாக இருக்க வேண்டும். பிளேட்டில் இருப்பது வெள்ளை. ஹீமுலோனியை 42 டிகிரியில் வளராது. இது தாராளமாக வளரும். வேறு சில மெஷின்கள் ஆரிஸைப் பாராப்சிலோசிஸ் என்றும் சொல்லியிருக்கின்றன. பாராப்சிலோசிஸ் மக்காச்சோள அகாரில் பொய் இழை விட வேண்டும். ஆரிஸ் பொதுவாக விடாது. கண்ணால் பார்ப்பதும் மெஷின் சொல்வதும் ஒத்துப் போகவில்லை என்றால் ரிப்போர்ட்டை நிறுத்தி வைக்க வேண்டும். அவ்வளவுதான் விதி. ஆனால் மக்காச்சோள அகார் ஊற்றுவதையே நிறுத்திவிட்ட லேபுகள் இன்று நிறைய. கேட்டால், மெஷின் இருக்கும்போது அது எதற்கு என்பார்கள்.

கிருமியின் புரதங்களை எடை போட்டுப் பெயர் சொல்லும் மால்டி-டாஃப் மெஷின் வந்தபிறகு நிலைமை மாறியது. காலனியைத் தட்டில் தேய்த்து, ஃபார்மிக் அமிலம் ஒரு துளி விட்டு, மேட்ரிக்ஸ் என்ற ரசாயனம் ஊற்றிக் காய வைத்து லேசர் அடித்தால், ரைபோசோம் புரதங்களின் எடை வரிசை சில நிமிடத்தில் திரையில் வரும். ஈஸ்ட்டின் சுவர் கெட்டி என்பதால் அந்த அமிலத் துளி முக்கியம். அதை விட்டால் ஸ்கோர் ஏறாது. சர்க்கரைப் பழக்கத்தைவிடப் புரதம் நம்பகமானது, சந்தேகமே இல்லை. ஆனால் இதுவும் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் பெயர் சொல்கிறது. ஆரிஸ் பரவத் தொடங்கியபோது இந்த மெஷின்களின் பட்டியலிலும் அது சரியாக இல்லை, பிறகுதான் சேர்த்தார்கள். வைடெக்கும் 8.01 மென்பொருளில்தான் ஆரிஸைச் சேர்த்தது. வாங்கிய மெஷினை அப்டேட் செய்யாமல் வைத்திருக்கும் இடங்களில் பழைய பட்டியல்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கும். மெஷின் வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்கும் அதே மூச்சில், பட்டியலின் வெர்ஷன் என்ன, அப்டேட்டுக்குத் தனிக் காசா என்றும் கேட்டுவிடுவது நல்லது.

இவை எல்லாவற்றுக்கும் மேலே தீர்ப்புச் சொல்வது மரபணு வரிசை: இனத்துக்கு இனம் மாறும் ஐ.டி.எஸ். பகுதியும், 28எஸ் மரபணுவின் டி1/டி2 பகுதியும். நம் ஊர் லேபுகள் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை. காலனியை ஸ்லாண்டில் (சாய்வாக அகார் உறைய வைத்த குழாய்) வளர்த்து, மூன்றடுக்குப் பெட்டியில் கட்டிச் சண்டிகர் பி.ஜி.ஐ. மாதிரியான இடத்துக்கு அனுப்புவோம். நோய்ப் பூஞ்சைகளுக்கான தேசியச் சேமிப்பகமும் அங்கேதான் இருக்கிறது. பதில் வருவதற்குள் நோயாளி வீட்டுக்குப் போயிருப்பார், அல்லது இருக்கமாட்டார். அவருக்கு உபயோகமில்லைதான். அடுத்த நோயாளிக்கு உண்டு. 1996 முதல் 98 வரை அதே பி.ஜி.ஐ.யின் குழந்தைகள் பிரிவில் பிச்சியா அனோமலா என்ற, யாரும் பெரிதாக மதிக்காத ஈஸ்ட் 379 குழந்தைகளைத் தாக்கியது. ‘கேண்டிடா இனம்’ என்று பொதுவாக எழுதிக் கோப்பில் போட்டிருந்தால் அதைக் கொள்ளை நோய் என்று யாரும் உணர்ந்திருக்கமாட்டார்கள்.

கிரிப்டோகாக்கஸ் தனிப் பாதை. தண்டுவட நீரில் இந்தியா இங்க் என்ற கறுப்பு மை கலந்து பார்த்தால், கறுப்புப் பின்னணியில் உறையோடு வெளிச்சமாக நிற்கும். காற்றுக் குமிழியையும் வெள்ளை அணுவையும் அதுவென்று நினைக்கும் வாய்ப்பு அதிகம். மொட்டைப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன். இப்போது பத்து நிமிடத்தில் ஆன்டிஜென் பட்டை பதில் சொல்லிவிடுகிறது, இங்க்கைவிடத் துல்லியமாக. கல்ச்சரில் வளர்ந்தால் யூரியா அகாரைச் சிவக்க வைக்கும். கேண்டிடாவில் பெரும்பாலானவை அதைச் செய்யாது. பேயெள்ளு அகாரில் காலனி பழுப்பாகும். 1962-ல் ஜெர்மனியின் ஸ்டைப் பறவைத் தீவன விதைகளில் கண்டுபிடித்தது இது. நம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் மானாவாரியில் விளையும் அதே பேயெள்ளுதான். விதையை அரைத்துக் கொதிக்க வைத்து வடிகட்டி, அகார் சேர்த்து லேபிலேயே ஊற்றிக்கொள்ளலாம். ரெடிமேட் பொடி வாங்கியே பழகியவர்களுக்கு இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

ஆரிஸைத் தோலில் தேடுவதற்கும் ஒரு கைமுறை இருக்கிறது. அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஸ்வாப் எடுத்து, 10 சதவீத உப்புள்ள சபோரோ திரவத்தில் போட்டு 40 டிகிரிக்கு மேல் வைத்தால், மற்ற ஈஸ்ட்கள் பெரும்பாலும் அடங்கிவிடும், இது எழும்பும். அந்தமான் கடற்கரையிலும் உப்புச் சதுப்பிலும் ஆரிஸ் கிடைத்ததாக 2021-ல் டெல்லிக் குழு வெளியிட்டபோது, இந்த உப்புத் தாங்கும் குணம் எனக்கு அவ்வளவு ஆச்சரியமாகத் தெரியவில்லை.

பெயர்களைப் பற்றி ஒரு புலம்பல். க்ருசியை இப்போது பிச்சியா குட்ரியாவ்செவியை. கிளாப்ரேட்டா நகாசியோமைசிஸ். ஆரிஸையும் 2024-ல் கேண்டிடோசைமா ஆக்கிவிட்டார்கள். மரபணு மரத்தின்படி சரிதான். புதுப் பெயரை மட்டும் ரிப்போர்ட்டில் போட்டால் நடு ராத்திரியில் போன் வரும்: “மேடம், இது என்ன புதுசா?” அதனால் இரண்டு பெயரையும் போடுகிறேன், பழையதை முதலில்.

கடைசியாக டாக்டர்களிடம் ஒரு வேண்டுகோள், அதுவும் ரெக்வெஸ்ட் ஃபார்ம் பற்றி. ‘நோய் விவரம்’ என்ற கட்டத்தில் பெரும்பாலும் காய்ச்சல் என்று இருக்கும், இல்லையென்றால் காலியாக இருக்கும். குறைமாதக் குழந்தைக்குக் கொழுப்பு டிரிப் போகிறது என்று எழுதினால், மலஸீசியா என்ற கொழுப்பு தேடும் ஈஸ்ட்டாக இருக்குமோ என்று பிளேட்டின் மேல் ஆலிவ் எண்ணெய் தடவி வைப்போம்; எண்ணெய் இல்லாமல் அந்த இனங்கள் பெரும்பாலும் வளராது. வயிற்றுப்போக்குக்கு ஈஸ்ட் பாக்கெட் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று எழுதினால், ரத்தத்தில் வந்தது அந்தப் பாக்கெட்டின் சாக்கரோமைசிஸா என்று முதலில் பார்ப்போம். படுக்கைப் பக்கத்தில் பாக்கெட்டைப் பிரித்த கையோடு சென்ட்ரல் லைனை (பெரிய ரத்தக் குழாயில் போட்ட டியூப்) தொட்டாலே அது உள்ளே போகும். வேறு ஐ.சி.யூ.வில் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தவர் என்று எழுதினால் ஒரு பிளேட்டை முதல் நாளே 42 டிகிரியில் வைத்துவிடுவோம். எழுத இடம் போதவில்லை என்றால் ஃபார்மின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.